கரிசல் காட்டில் வீடு, கழிவுக்குழி, தோட்டம்: எதை எங்கே வைப்பது?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் கரிசல் காட்டில் ஐந்து பேருக்குச் சின்ன வீடு கட்டப் போகிறோம். அடுத்த காட்டு வீட்டில் சுவரெல்லாம் வெடிப்பு. ஐப்பசி மழைக்குக் கழிவுக்குழி நிரம்பி வழிகிறது. வீட்டை ஒட்டிக் காய்கறியும் முருங்கையும் போடலாமா?

பதில்: காய்கறியும் முருங்கையும் போடலாம், ஆனால் வீட்டை ஒட்டி வேண்டாம். கரிசலில் உள்ள களி நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஒரு பக்கச் சுவரோரம் தினமும் பாத்திக்குத் தண்ணீர் பாய, மறுபக்கம் காய்ந்து கிடந்தால் வீடு ஒருசாய்த்துத் தூக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு பெரும்பாலும் இதனால்தான். பாத்திகளைச் சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி வையுங்கள். மரத்தை, அது வளரக்கூடிய உயரத்துக்குச் சமமான தூரம் தள்ளி நடுங்கள். வேம்பு, புளியை இன்னும் எட்டத்தில்.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் முன் 10 அடி ஆழத்துக்கு ஒரு சோதனைக்குழி போட்டுப் பாருங்கள். நாலைந்து அடியில் கெட்டியான சுக்கானோ (சுண்ணாம்புக்கல்) சரளோ வந்தால் அஸ்திவாரத்தை அதன்மேல் நிறுத்தலாம். கரிசல் அதற்கும் கீழே போனால் அண்டர் ரீம்டு பைல், அதாவது அடியில் குமிழாக அகன்று மண்ணுக்குள் இறங்கும் காங்கிரீட் தூண்தான் நம்பகமானது: சுமார் 3.5 மீட்டர் ஆழம், 30 செ.மீ. தண்டு, அடியில் 75 செ.மீ. குமிழ். மேலே வரும் பீம் மண்ணில் படக்கூடாது, 8 செ.மீ. இடைவெளியாவது வேண்டும், இல்லாவிட்டால் உப்பும் மண் பீமையே தூக்கும். கம்பிக் கணக்கைப் பொறியாளரிடம் கேளுங்கள். தோண்டிய கரிசலையே தரைக்குள் கொட்டி நிரப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சரளை அரையடி அரையடியாகப் போட்டு, நனைத்து, திமிசு போடுங்கள். சுவரைச் சுற்றி 5 அடி அகலத்துக்கு வெளிச்சாய்வான தளம் அவசியம்.

இனி கழிவுக்குழி. கோடையில் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு வழியே மளமளவென்று இறங்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மழையில் வெடிப்பு மூடிக்கொண்டதும் அதே உறிஞ்சுகுழி தொட்டியாகிவிடும். குழியை ஓர் இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் நீர்மட்டம் 25 மி.மீ. இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 30 நிமிடத்துக்குள் என்றால் உறிஞ்சுகுழி சரி. 60 வரை என்றால் ஆழமில்லாத நீளக் கால்வாய். அதற்கும் மேல் என்றால், கரிசலில் பெரும்பாலும் அப்படித்தான், உறிஞ்சுகுழியை மறந்துவிடுங்கள்.

ஐந்து பேருக்கு 1.5 மீ. நீளம், 0.75 மீ. அகலம், 1 மீ. நீர் ஆழமுள்ள, அடி பூசிய காங்கிரீட் தொட்டி. நீர்மட்டத்துக்கு மேல் ஓரடி காலியிடம். அதிலிருந்து வரும் நீரைத் கீழிருந்து மேலாக நீர் ஏறும் ஜல்லி வடிகட்டிக்குள் விட்டு, பிறகு தரைமட்டத்துக்கு மேல் எழுப்பிய ஜல்லிப் படுகையில் கல்வாழை வைத்து ஆவியாக விடுங்கள். மழைநீர் படுகைக்குள் புகாமல் வரப்பு கட்டுங்கள். வீட்டிலிருந்து 20 அடி, கிணற்றிலிருந்து 60 அடி தள்ளி இருக்கட்டும். இந்த நீரைக் கீரைக்குப் பாய்ச்ச வேண்டாம்.

நடவுக்குழிக்கும் இதே கதைதான். ஆழக் குழி வெட்டி மணலும் செம்மண்ணும் நிரப்பினால் சுற்றியுள்ள களி நீரை அடைத்து வேர் அழுகும். முருங்கை முதலில் போகும். மேடு கட்டி அதில் நடுங்கள். காய்கறிக்கு 4 அடி அகலம், ஓரடி உயர மேட்டுப்பாத்தி, நடுவே வடிகால். மண் உருட்டினால் கயிறாகத் திரியும் ஈரத்தில் கொத்தாதீர்கள், கட்டி தட்டிவிடும்.

சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் துத்தநாகமும் இரும்பும் பயிருக்குக் கிட்டாது. சென்டுக்கு 100 கிராம் சிங்க் சல்பேட்டைத் தொழுவுரத்தோடு இடுங்கள், டி.ஏ.பி. உரத்தோடு கலக்காதீர்கள். குருத்திலை நரம்பு பச்சையாக, நடுவே மஞ்சளாக இருந்தால் 10 லிட்டருக்கு 50 கிராம் பெரஸ் சல்பேட் கரைத்து மாலையில் தெளியுங்கள். மிளகாய், கத்தரி, கொத்தமல்லி, கொத்தவரை நன்றாக வரும். பழத்துக்கு நெல்லியும் இலந்தையும் வையுங்கள்.