மிடி கீபோர்டு எது வாங்கலாம்? கேள்விகளும் பதில்களும்

ஈரோட்டுப் பக்கம் வீட்டு மாடியில் ஒரு சின்ன அறையை ஸ்டூடியோவாக்கி, கும்மிப் பாட்டுக்கும் கோயில் பாட்டுக்கும் இசை சேர்த்து வருகிறேன். மிடி கீபோர்டு வாங்குவது பற்றிப் பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோபியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, நண்பன் வீட்டு மிடி கீபோர்டைக் கரண்ட்டில் மாட்டி வாசித்துப் பார்த்தேன். சத்தமே வரவில்லைங்க. பழுதா?

பழுது இல்லை தம்பி. அதற்குள் ஸ்பீக்கரும் இல்லை, ஒலியும் இல்லை. எந்தக் கீயை அழுத்தினீர்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்ற தகவலை மட்டும் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அழுத்திய வேகம் 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகப் போகும். வீணையோ வயலினோ, ஒலி கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருளிலிருந்துதான் வரும். இந்த மிடி முறை 1983-இல் வந்தது. எல்லாக் கம்பெனியும் அதையே பின்பற்றுவதால் எந்தக் கீபோர்டும் எந்த மென்பொருளோடும் பேசும். அதனால் கடையில் "எத்தனை டோன் இருக்கு?" என்று கேட்காமல், கீ விரலுக்கு எப்படி இருக்கிறது என்று அழுத்திப் பாருங்கள்.

தாராபுரம்: 25, 49, 61, 88 என்று விற்கிறார்கள். எத்தனை கீ வேண்டும்?

இரண்டு கையாலும் வாசிப்பவர் என்றால் 49-க்குக் கீழே போகாதீர்கள். மேசையில் இடம் இருந்தால் 61 எடுங்கள், நான் சொல்வது அதைத்தான். 25 கீ பயணத்துக்கும், ஒரு விரலில் மெட்டுப் போடுவதற்கும் போதும். ஆனால் பெரும்பாலும் அதில் கீயின் அகலம் குறைவு, தடித்த விரல் பக்கத்துக் கீயையும் சேர்த்து அழுத்திவிடும். வீட்டில் பிள்ளை பியானோ கிரேடு தேர்வுக்குப் படிக்கிறது என்றால் மட்டும் 88, அதுவும் பியானோவைப் போல அழுத்தும்போது கனம் தெரியும், சுத்தியல் எடை உள்ள கீயாகப் பாருங்கள். அது நாலடி நீளம் வரும், கனமும் அதிகம்.

காங்கேயம்: வள்ளி கும்மிப் பாட்டுக்கு நாதஸ்வரமும் புல்லாங்குழலும் கீபோர்டில் வாசிக்கிறேன். ஸ்வரம் சரியாக இருக்கிறது, ஆனால் ஸ்வரத்தை அசைத்து வழுக்கும் கமகம் வரவில்லைங்ணா. விலை கூடின கீபோர்டு வாங்கினால் வருமா?

விலையைப் பார்க்காதீர்கள். கீகளுக்கு இடது பக்கம் பிட்ச் பெண்ட், அதாவது அழுத்திய ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் அமைப்பு, எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நம் இசைக்குக் கீபோர்டு வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன். சில கீபோர்டுகளில் சக்கரம் இருக்கும், சிலவற்றில் சின்ன ஜாய்ஸ்டிக், சிலவற்றில் தொட்டு இழுக்கும் பட்டை. சக்கரம்தான் கமகத்துக்கு ஏற்றது. மிடியில் கீயின் வேகத்துக்கு 127 படிதான், பிட்ச் பெண்டுக்கோ 16,384 படி வரை இடம் உண்டு. அவ்வளவு நுணுக்கத்தையும் பயன்படுத்த விரலுக்கு நீளமான ஓட்டம் வேண்டும். ஜாய்ஸ்டிக்கில் அரை அங்குலம்கூடக் கிடைக்காது. நான் முதலில் வாங்கியதில் ஜாய்ஸ்டிக்தான் இருந்தது. ஒரு மாரியம்மன் பாட்டுக்கு நாதஸ்வரம் வாசிக்க மூன்று இரவு போராடினேன். அசைவு நடுவில் நிற்காமல் துள்ளித் துள்ளிப் போனது. கடைசியில் அதை விற்றுவிட்டுச் சக்கரம் உள்ள 49 கீ வாங்கினேன்.

இப்போது இருக்கும் கீபோர்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். மென்பொருளில் பெண்ட் அளவை மேலும் கீழும் 2 ஸ்வரத்தானம் (கறுப்பு வெள்ளை சேர்த்து, ஒரு கீயிலிருந்து அடுத்த கீ ஒரு ஸ்வரத்தானம்) என்று வையுங்கள், பலவற்றில் முதலிலேயே அப்படித்தான் இருக்கும். சி-யை ஸட்ஜமாக வைத்து டி ஷார்ப்பை அழுத்துங்கள். சக்கரத்தை முழுக்க மேலே தள்ளினால் மத்யமம், முழுக்கக் கீழே இழுத்தால் ரிஷபம். ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடுவதுதானே தோடி ராகத்தின் காந்தாரம்? ஒரே கீயை அழுத்தியபடி அதை வாசித்துப் பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு வந்தால் உங்கள் கீபோர்டு போதும், இனிப் பயிற்சிதான். பஞ்சமத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு ஜாரு, அதாவது வழுக்கல், போக 5 ஸ்வரத்தானம் வேண்டும், அந்த இடத்துக்கு மட்டும் பெண்ட் அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். எப்போதும் கூட்டியே வைத்தால் சக்கரம் கொஞ்சம் அசைந்தாலும் சுருதி விலகும்.

பொள்ளாச்சியிலிருந்து ஓர் அம்மா: தம்பி, முப்பது வருசமா ஆர்மோனியம் வாசிக்கிறேன். இதில் வாசித்தால் ஒரு ஸ்வரம் பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் கேட்கிறது. நான் பாடுவது ஐந்தரைக் கட்டை.

உங்கள் கையில் குறையில்லை அம்மா. ஆர்மோனியத்தில் கீயை எப்படி அழுத்தினாலும் ஒலி ஒன்றுதான், கூட்டுவதும் குறைப்பதும் துருத்தி. இதிலோ விரலின் வேகம்தான் ஒலியளவு. வெலாசிட்டி என்ற இடத்தில் 'ஃபிக்ஸ்டு' என்று வைத்துவிட்டால் எல்லா ஸ்வரமும் சமமாகிவிடும். துருத்தியின் வேலைக்கு எக்ஸ்பிரஷன் பெடல் ஒன்றைக் காலடியில் வையுங்கள், அதற்குச் சொருகுமிடம் கீபோர்டில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். டிரான்ஸ்போஸ் பட்டனும் இருக்கட்டும். ஒன்றாம் கட்டையில், அதாவது சி-யை ஸட்ஜமாக வைத்து, வாசித்துப் பழகிய கை என்றால், 4 படி இறக்கினாலோ 8 படி ஏற்றினாலோ அப்படியே ஐந்தரைக் கட்டை கிடைக்கும்.

திருப்பூர்: கீயை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வருகிறது. கீபோர்டை மாற்றணுமா?

ப்ளூடூத் இயர்போனில் கேட்கிறீர்களா? கழற்றிவிட்டு ஒயர் ஹெட்போன் போடுங்கள். அப்புறமும் தாமதம் இருந்தால் மென்பொருளில் பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை, குறையுங்கள். 44,100 சாம்பிள் வேகத்தில் 512 பஃபருக்கு மட்டும் சுமார் 12 மில்லி செகண்ட் தாமதம், 128 வைத்தால் 3 மில்லி செகண்ட்தான். விண்டோஸ் என்றால் தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ (ASIO) டிரைவர் அவசியம்.

பவானி: கச்சேரிக்கு வைத்திருக்கும் பழைய கீபோர்டே போதாதா?

பின்னால் 'யுஎஸ்பி டூ ஹோஸ்ட்' என்று சொருகுமிடம் இருந்தால் தாராளமாகப் போதும், பணத்தை நல்ல ஹெட்போனில் போடுங்கள். ஒன்று மட்டும் செய்ய வேண்டும்: அமைப்பில் 'லோக்கல்' என்பதை ஆஃப் செய்யுங்கள். இல்லையென்றால் கீபோர்டின் சொந்த ஒலியும் கம்ப்யூட்டர் ஒலியும் இரட்டிப்பாகக் கேட்கும்.

கரூர்: உருமி, பம்பைக்குப் பேட் உள்ளது வேண்டுமா?

பம்பைக்குப் பேட், அதாவது விரலால் தட்டி வாசிக்கும் சின்னக் கட்டங்கள், நன்றாக உதவும். உருமியின் அடிக்கும் பக்கத்துக்கும் சரி. உறுமும் பக்கம் குச்சியால் தேய்த்து வருவது, அதற்கு ஒரு கீயை அழுத்திக்கொண்டு சக்கரத்தை அசைப்பதுதான் எனக்குத் திருப்தியாக இருக்கிறது. பேட் வேண்டுமென்றால் நோவேஷன் லான்ச்கீ 49 அல்லது 61, வேண்டாமென்றால் எம்-ஆடியோ கீஸ்டேஷன் 49 அல்லது 61 பாருங்கள். எல்லாவற்றிலும் சக்கரம் உண்டு.

சோமனூர்: வீட்டுக்குப் பக்கத்திலேயே தறி ஓடுதுங்க. பஞ்சுத் தூசி, சத்தம், கரண்ட் கட். இதில் ஸ்டூடியோ நடக்குமா?

நடக்கும். வாசித்து முடித்ததும் கீபோர்டைத் துணியால் மூடிவிடுங்கள், வாரம் ஒருமுறை மெல்லிய பிரஷ்ஷால் கீ இடுக்கைத் தட்டுங்கள். யுஎஸ்பியிலேயே ஓடும் கீபோர்டாக வாங்கினால் கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் வேலை தொடரும். மிடியில் மைக் கிடையாது, அதனால் தறிச் சத்தம் ஒரு துளிகூடப் பதிவாகாது. குரல் பதிவு செய்ய மட்டும் தறி நிற்கும் நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.