ஆண்டுக்கணக்கில் தினமும் பார்க்கும் ஒருவரிடம் பேச ஏன் வாய் வருவதில்லை?

கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு வேலைக்குப் போகிறவள் நான். ஏழே முக்கால் பஸ். பதினோரு வருடங்களாக அதே பஸ்ஸில் ஒருவர் வருகிறார். குரங்குக் குல்லா, பழுப்பு ஸ்வெட்டர், கையில் தூக்குவாளி. எடப்பள்ளியில் இறங்கிவிடுவார். அவருடைய இருமலைக் கேட்டே பஸ்ஸில் இருக்கிறாரா என்று சொல்லிவிடுவேன். பெயர் மட்டும் தெரியாது.

மேலே உள்ள கேள்வியைக் கேட்டவர், தான் பேசாததற்குத் தன் கூச்ச சுபாவமே காரணம் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சில்லறைக்காகக் கண்டக்டரோடு சண்டை போடுகிறவள் நான். எனக்கு என்ன கூச்சம்?

இப்படிப்பட்டவர்களுக்கு உளவியலில் 'பரிச்சயமான அந்நியர்' என்று பெயர். அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1972இல் இதைப் பற்றி எழுதினார். மின் அதிர்ச்சி கொடுக்கச் சொல்லி மனிதர்களின் கீழ்ப்படிதலைச் சோதித்தாரே, அவரேதான். அவருடைய மாணவர்கள் ரயிலுக்குக் காத்திருந்தவர்களைப் புகைப்படம் எடுத்து, அதை அதே பயணிகளிடம் காட்டி விசாரித்தார்கள். முகம் தெரிந்தும் பேசியறியாதவர்கள், ஒருவருக்குச் சராசரியாக நான்கு பேர் இருந்தார்கள். பேசிப் பழகியவர்கள் அதைவிடக் குறைவு.

நாள் ஏற ஏற இந்த மௌனம் இறுகிவிடுகிறது என்பதுதான் விஷயம். முதல் வாரத்திலேயே "பஸ் போய்விட்டதா?" என்று கேட்டிருந்தால் முடிந்தது. பதினோராவது வருடம் கேட்டால், இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்பதற்கும் சேர்த்து அல்லவா பதில் சொல்ல வேண்டும்? நேரம் கேட்க வேண்டுமென்றால்கூட இவர்களை விட்டுவிட்டு, முன்பின் தெரியாதவரிடம்தான் போவோம் என்கிறார் மில்கிராம். படித்தபோது சிரித்துவிட்டேன். ஒருமுறை கைப்பேசி அணைந்துபோக, பஸ் போய்விட்டதா என்று தெரிய வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற குல்லாக்காரரைத் தாண்டிப் போய், கேமராவும் கழுத்துமாக நின்ற ஒரு சுற்றுலாப் பயணியிடம் கேட்டேன். அவருக்குத் தமிழே தெரியவில்லை.

அதற்காகக் குல்லாக்காரர் எனக்கு யாரோ அல்ல. ஒரு மழைக்காலத்தில் நான்கு நாள் அவர் வரவில்லை. எங்கேயாவது மண் சரிந்திருக்குமோ, உடம்புக்கு முடியவில்லையோ என்று மனம் அடித்துக்கொண்டது. யாரிடம் போய், யாரென்று சொல்லி விசாரிப்பது?

பிறகு போன மே மாதம், கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏறும் வரிசை. குல்லாவும் ஸ்வெட்டரும் இல்லாததால் முதலில் அடையாளம் பிடிபடவில்லை. இருமல் காட்டிக்கொடுத்தது. அவர் முந்திக்கொண்டார்: "ஏழே முக்கால் பஸ்தானே நீங்கள்?" வழக்கமான இடத்தைவிட்டு எவ்வளவு தூரம் தள்ளிச் சந்திக்கிறோமோ அவ்வளவு சுலபமாகப் பேச்சு வரும் என்பதும் மில்கிராம் சொன்னதுதான். வரிசை நகர நகர ஒரு மணி நேரம் பேசினோம். தேயிலைத் தொழிற்சாலையில் இலைக் கணக்கு எழுதுகிறாராம். எனக்கு அவர் வீட்டில் பட்டப்பெயரே இருந்திருக்கிறது: 'குடை அம்மா'. வெயில் காலத்திலும் குடை கொண்டுவருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பாராம்.

திரும்பி வந்த திங்கட்கிழமை சங்கடமாகத்தான் இருந்தது. இனி தினமும் பேச வேண்டுமோ என்று நினைத்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன். அவருக்கும் அதே யோசனை போலிருக்கிறது. தலையை மட்டும் அசைத்துவிட்டு வழக்கமான ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். எடப்பள்ளியில் இறங்கும்போது என் பக்கம் திரும்பி, "வரட்டுங்களா?" என்றார்.