மின்தூண்டல் எண்ணும் மின்தூண்டியும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். இண்டக்டன்ஸ், இண்டக்டர் இரண்டும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல. இண்டக்டர், அதாவது மின்தூண்டி, சிங்கப்பூரின் சிம் லிம் டவர் கடைத்தொகுதியில் காசு கொடுத்து வாங்கக்கூடிய ஓர் உறுப்பு. இண்டக்டன்ஸ், அதாவது மின்தூண்டல் எண், மின்னோட்டம் மாறும்போது அந்த மாற்றத்தை எதிர்த்து எவ்வளவு மின்னழுத்தம் எழும் என்பதைக் குறிக்கும் அளவு. மின்னோட்டம் நொடிக்கு 1 ஆம்பியர் வீதம் மாறுகையில் 1 வோல்ட் எழுந்தால் அது 1 ஹென்றி.

கேள்வி: என் மின்சுற்றுப் பலகையில் மின்தூண்டியே இல்லை. ஆனாலும் இண்டக்டன்ஸால்தான் கோளாறு என்கிறார் ஆசிரியர். அது எப்படி?

பதில்: உங்கள் ஆசிரியர் சொல்வது முற்றிலும் சரி. மின்னோட்டம் செல்லும் எந்தப் பாதையைச் சுற்றியும் காந்தப்புலம் உண்டாவதால், சுருளாகச் சுற்றாத நேர்க்கம்பிக்கும் இந்தப் பண்பு உண்டு. 1 சென்டிமீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 10 நானோஹென்றி என்று கொள்ளலாம். இது அற்பமாகத் தோன்றும். ஆனால் அந்தக் கம்பியில் 10 நானோநொடிக்குள் 1 ஆம்பியர் கூடினால், அதன் இரு முனைகளுக்கிடையே 1 வோல்ட் எழுந்துவிடும், 3.3 வோல்ட்டில் இயங்கும் சில்லு அதைத் தாங்காமல் தடுமாறும். மாணவர்களின் பலகைகளைப் பார்க்கும்போது, சில்லின் அருகிலுள்ள மின்தேக்கியின் (கெப்பாசிட்டரின்) நீண்ட கால்களும் இப்படிப்பட்ட கம்பிகளே என்பதால், அவற்றைத்தான் நான் முதலில் வெட்டிக் குட்டையாக்கச் சொல்வேன். உங்கள் பலகையிலும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

கேள்வி: பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குழல்விளக்கில் இருந்த சோக் எதில் சேரும்?

பதில்: அது அசல் மின்தூண்டி. இரும்புத் தகடுகளின்மேல் செம்புக்கம்பியைச் சுற்றி, விளக்கினுள் மின்னோட்டம் கட்டுமீறாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்டது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வோர் அலைவிலும் இரும்பு இருமுறை அதிர்வதால்தான் இரவு அமைதியில் அந்த 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டது. செம்புக்கம்பிக்கு மின்தடையும் இருப்பதால் சோக் சூடாகவும் செய்யும். கணக்கில் நாம் எழுதும் தூய மின்தூண்டல் எண்ணுக்கு அந்தச் சூடு கிடையாது.

கேள்வி: மின்தூண்டியின்மேல் அச்சிட்டுள்ள மதிப்பை அப்படியே நம்பலாமா?

பதில்: மின்னோட்டம் குறைவாக இருக்கும்வரை நம்பலாம். 100 மைக்ரோஹென்றி என்று போட்டிருந்தாலும், மின்னோட்டம் மிகுந்து, சுருளின் நடுவிலுள்ள ஃபெரைட் என்ற காந்தப்பொருளாலான உள்ளகம் காந்த நிறைவை, அதாவது அதற்குமேல் காந்தமேற முடியாத நிலையை, எட்டியதும் அந்த மதிப்பு சரிந்துவிடும். உறுப்பு அதே உறுப்புதான், எண் மட்டும் மாறிவிடுகிறது. ஆகவே வாங்குமுன் நிறைவு மின்னோட்டம் எத்தனை ஆம்பியர் என்பதையும் தரவுத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.