மறுபடி வந்த மார்பகப் புற்று: கீமோ தராவிட்டால் கைவிட்டார்கள் என்று அர்த்தமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. 2018இல் இடது மார்பில் புற்றுநோய் வந்து ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, ஐந்து வருடம் லெட்ரோசோல் மாத்திரையும் சாப்பிட்டார். இப்போது முதுகுவலி என்று ஸ்கேன் எடுத்ததில் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் பரவியிருக்கிறதாம். பால்போசிக்லிப் மாத்திரை, ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசி, எலும்புக்கு ஒரு ட்ரிப் போதும் என்கிறார் மதுரை டாக்டர். போன முறை கீமோ கொடுத்தவர்கள் இந்த முறை ஏன் கொடுக்கவில்லை? கைவிட்டுவிட்டார்களா? அம்மாவிடம் எதுவும் சொல்லவேண்டாம் என்கிறார்கள் பெரியப்பா வீட்டில். அம்மாவோ தைப்பூசத்துக்குப் பழநி நடைபயணம் போயே தீருவேன் என்கிறார். வீட்டில் நானும் அப்பாவும்தான். என்ன செய்யவேண்டும்?
– வாசகி, காரைக்குடி

பதில்: கைவிடவில்லை. ஹார்மோனால் வளரும் வகைக்கு (லெட்ரோசோல் கொடுத்ததே அதனால்தான்), இந்த நிலையில் முதலில் தரவேண்டிய சிகிச்சையே இதுதான். எலும்புக்குப் போனாலும் இது எலும்புப் புற்று ஆகிவிடாது. மார்பிலிருந்து போன அதே செல்கள்தான். ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டும் இடத்தை ஃபுல்வெஸ்ட்ரன்ட் அழிக்கும். செல் இரண்டாகப் பிரிவதைப் பால்போசிக்லிப் தடுக்கும். கல்லீரலோ நுரையீரலோ வேகமாகக் கெட்டுக்கொண்டிருந்தால்தான் முதலிலேயே கீமோ. போன முறை நோயை வேரோடு எடுக்கப் பார்த்தார்கள். இந்த முறை, சர்க்கரை நோயைப்போல நீண்ட நாள் கட்டுக்குள் வைக்கப் பார்க்கிறார்கள். ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடுகிற காரியமில்லை என்பதால், வீட்டின் அன்றாடத்தையே இதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

அதற்குமுன் டாக்டரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: புதிதாகப் பரவிய இடத்தில் பயாப்ஸி (சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுத்தார்களா? ஈ.ஆர்., பி.ஆர். (செல்லில் ஹார்மோன் ஒட்டும் இடங்கள்), ஹெர்-2 (செல்லை வளரத் தூண்டும் புரதம்) மூன்றும் இத்தனை வருடத்தில் மாறியிருக்கலாம். எலும்பில் எடுத்த துண்டை அறுப்பதற்காக லேபில் அமிலத்தில் ஊறவைப்பார்கள், அதில் ஈ.ஆர். இருந்தும் 'இல்லை' என்று வந்துவிடுவது உண்டு. ரிப்போர்ட் 2018க்கு நேர்மாறாக வந்தால் இதைக் குறிப்பிட்டே கேளுங்கள். ஹெர்-2 '2+' என்று இரண்டுங்கெட்டானாக இருந்தால், அதன் மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை முடியாமல் எதுவும் சொல்லமுடியாது.

இனி மாத்திரை. பால்போசிக்லிப் வழக்கமாக 125 மி.கி., தினம் ஒன்று, ஒரே நேரத்தில். கேப்சூல் என்றால் சாப்பாட்டோடு. 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்தவேண்டும். இது ஒரு சுற்று. அந்த 7 நாளில் ரத்த அணுக்கள் தேறிக்கொள்ளும். 'விடாமல் சாப்பிட்டால் சீக்கிரம் குணமாகும்' என்று ஓய்வு வாரத்திலும் கொடுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அடுக்களைக் காலண்டரில் 21 நாளையும் வட்டமிட்டுவிடுங்கள். ஒரு வேளை மறந்தாலோ, சாப்பிட்டதும் வாந்தி எடுத்தாலோ, மறுபடி கொடுக்கவேண்டாம். மறுநாள் வழக்கப்படி ஒன்று.

ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும், முதல் இரண்டு சுற்றுகளில் 15ஆம் நாளிலும் ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கவேண்டும். இந்தக் கணக்கை நீங்களே போடலாம்: மொத்த வெள்ளை அணு 2,400, அதில் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் 38 சதவீதம் என்றால், 2,400 × 38 ÷ 100 = 912. இது 1,000க்குக் கீழே இருந்தால் அடுத்த சுற்றைத் தள்ளிப்போடுவார்கள். ஆகவே டெஸ்ட்டைக் காரைக்குடியிலேயே முந்தின நாள் எடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் புறப்படுங்கள். முதுகுவலிக்காரரை மதுரைவரை காரில் குலுக்கிக் கொண்டுபோய் 'அடுத்த வாரம் வாங்க' என்று கேட்டுத் திரும்புவது வீண். டோஸை 100க்கோ 75க்கோ குறைத்தால் பயப்படாதீர்கள். அவர் உடம்புக்கு எவ்வளவு தாங்கும் என்று அளந்து கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலைவரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். நள்ளிரவானாலும் போன் செய்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லாதீர்கள், தெர்மாமீட்டர் வேண்டும்.

ஃபுல்வெஸ்ட்ரன்ட் 500 மி.கி. என்பது இரண்டு ஊசி, இரு பிட்டத்திலும் ஒவ்வொன்று. 1, 15, 29ஆம் நாட்கள், பிறகு மாதம் ஒருமுறை. 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கவேண்டிய மருந்து. உள்ளூரில் போட்டுக்கொள்வதானால் ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள், ஐஸ்மேல் நேரடியாகப் படவேண்டாம், ஃப்ரீஸரில் வைக்கவே வேண்டாம். எண்ணெய்போலக் கெட்டியான மருந்து. ஒவ்வொன்றையும் ஒன்றிரண்டு நிமிடம் மெதுவாகச் செலுத்தவேண்டும். அவசரத்தில் போட்டால் வலியும் கட்டியும்தான் மிச்சம்.

எலும்புக்கான ட்ரிப் பெரும்பாலும் ஜோலட்ரானிக் அமிலம், 4 மி.கி., குறைந்தது 15 நிமிடம் ஏறவேண்டும். அதற்குமுன் பல் டாக்டரிடம் போய்வந்துவிடுங்கள். இந்த மருந்து ஏறிய பிறகு பல் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் அழுகக்கூடும். வெற்றிலை பாக்கில் ஆட்டம் கண்ட பல் இருந்தால் முதலிலேயே எடுத்துவிடவேண்டும். ஒவ்வொரு முறையும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்க்கவேண்டும். இங்கேதான் பலர் தடுக்கிவிழுகிறார்கள்: முதுகுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்வார்கள், கடைசியில் எலும்பு மருந்தே நின்றுபோகும். வலிக்கு டாக்டர் மார்ஃபின் எழுதினால் தயங்காதீர்கள். புற்றுவலிக்கு, டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுக்கும் மார்ஃபின் போதைக்கு அடிமையாக்குவது மிக அரிது. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். மலமிளக்கியையும் அதே நாளில் தொடங்குங்கள். ஓரிடத்தில் மட்டும் குத்திக்கொண்டிருக்கும் வலிக்கு 8 கிரே அளவில் ஒரே ஒரு முறை ரேடியேஷன் கொடுத்தாலே பலருக்குக் குறையும்.

நீங்கள் மறக்கக்கூடாத ஆபத்து ஒன்று. படுத்தால் கூடும் முதுகுவலி, கால் மரத்துப்போவது, நடக்கும்போது கால் துவளுவது, சிறுநீர் வராமல் அடைப்பது – இவை தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறிகள். நடை போன பிறகு சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலும் நடை திரும்புவதில்லை. அறிகுறி தெரிந்த அன்றைக்கே முதுகெலும்பு முழுவதும் எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும். இன்னொன்று: அடங்காத தாகம், மலச்சிக்கல், மந்தம், பேச்சுத் தடுமாற்றம் சேர்ந்து வந்தால் 'சூடு' என்று மோர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள், ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம்.

வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வலுவிழந்த எலும்புக்கு ஒரு வழுக்கல் போதும். ஆத்தங்குடிக் கல் ஈரமானால் கண்ணாடி. துடைத்துக் காயும்வரை அம்மா அந்தப் பக்கம் வரக்கூடாது. படுக்கையை முகப்புக்குப் பக்கத்து அறைக்கு மாற்றி, அங்கேயே ஒரு கம்மோடு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டால், உயரமான நிலைப்படிகளை ராத்திரியில் தாண்டிப் பின்கட்டுக் கழிப்பறைக்குப் போகவேண்டாம். தண்ணீர்க்குடம் தூக்குவது, குனிந்து கோலம் போடுவது இரண்டும் இனி உங்களுடையது.

சாப்பாட்டில் பெரிய பத்தியம் ஏதுமில்லை. முட்டை, மீன், பருப்பு தாராளமாக. பம்ப்ளிமாஸ் மட்டும் வேண்டாம், பால்போசிக்லிப்பை ரத்தத்தில் ஏற்றிவிடும். முள்சீத்தா இலைக் கஷாயம் புற்றை ஆற்றும் என்பதற்கு மனிதர்களிடம் நிரூபணம் எதுவும் இல்லை. பங்காளிகள் கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கொடுக்காதீர்கள்.

செலவு: பால்போசிக்லிப்பின் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்தது. அதன்பின் பல கம்பெனிகள் தயாரிப்பதால் விலை வெகுவாக இறங்கியிருக்கிறது. பிராண்ட் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் நான்கு இடத்தில் விசாரியுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எது அடங்கும் என்று ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் கேளுங்கள்.

அம்மாவிடம் சொல்வதா? ஒருமுறை இதைக் கடந்தவர் அவர். புற்றுநோய் வார்டின் போர்டைப் படிக்கத் தெரிந்தவரிடம் எதை மறைப்பீர்கள்? மறைத்தால் கால் மரத்ததையும் அவர் உங்களிடம் மறைப்பார். பந்திபோல் எல்லாரும் உட்கார்ந்து சொல்லவேண்டாம். நீங்கள் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, 'டாக்டர் சொன்னதில் உனக்கு எவ்வளவு தெரியணும்?' என்று கேளுங்கள். அவர் கேட்ட அளவுக்குச் சொன்னால் போதும்.

பழநி நடைபயணம் இந்த வருடம் வேண்டாம். முதுகெலும்பு எவ்வளவு தாங்கும் என்று எம்.ஆர்.ஐ. பார்த்த டாக்டர் சொல்லும்வரை குன்றக்குடிவரைகூட வேண்டாம். தைப்பூசத் தேதியை இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசி நாள் அதில் வராதபடி ஓரிரு நாள் முன்பின் நகர்த்திக்கொள்ளலாம். காரில் போய், விஞ்ச்சில் ஏறி, தைப்பூசத்தை ஒட்டிக் கூட்டம் குறைந்த நாளில் கும்பிட்டுவிட்டு வரட்டும்.