கணினி விளையாட்டில் காணும் மலையின் அழகும் உண்மையான மலையின் அழகும் ஒன்றுதானா?

ஒன்றல்ல என்றே கருதுகிறேன். 1790-இல் ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட் காட்டிய எடுத்துக்காட்டு இதற்கு நேரடியாகப் பொருந்தும். கோடைக்கால மாலையில், நிலவொளியில், புதரிலிருந்து எழும் நைட்டிங்கேல் பறவையின் குரலில் விருந்தினர் மெய்மறந்திருக்கின்றனர். ஆனால் அது பறவையன்று, நாணலை வாயில் வைத்து ஊதும்படி விடுதிக்காரர் மறைத்துவைத்த இளைஞன் என்று தெரிந்தவுடன், அதே ஒலியை நெடுநேரம் கேட்க எவருக்கும் மனம் வருவதில்லை. காதில் விழுந்தது மாறவில்லை. அதன் பிறப்பிடம் பற்றிய அறிவுதான் மாறியது.

1966-இல் மெய்யியலாளர் ரொனால்ட் ஹெப்பர்ன் மற்றொரு வேறுபாட்டைச் சுட்டினார். ஓவியத்தைச் சுற்றி எல்லையிடும் சட்டம் உண்டு, இயற்கைக்கு இல்லை. அங்கே நாம் பார்வையாளராக மட்டுமன்றிக் காட்சிக்குள்ளேயே நிற்கிறோம். முதுகுக்குப் பின்னால் வீசும் காற்றும் அந்த அனுபவத்தின் பகுதியே. திரையோ சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது.

இதனால் கணினி நிலப்பரப்பைப் போலி என்று ஒதுக்குவது நியாயமாகாது. மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டின் குன்றுகளை எவரும் ஒவ்வொன்றாக வரையவில்லை. அவை கணக்கீட்டில் பிறப்பவை என்பதால், விளையாட்டை உருவாக்கியவரே கண்டிராத பள்ளத்தாக்கை நாம் முதன்முதலாகக் காணலாம். அந்த வியப்பு உண்மையானது. ஆயினும் ஒரு பாறையை நெருங்கிப் பாருங்கள்: திரையில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்து, பின் வெறும் நிறக்கட்டங்களாகிவிடும், மலையிலோ பாசிப்படலமும், அதனடியில் ஈரமும், ஈரத்தில் ஊரும் உயிரும் எனப் பார்க்கப் பார்க்க விரிந்துகொண்டே போகும்.