கிளி கடித்த கதவு நிலைக்கு அட்வான்ஸில் எவ்வளவு பிடிக்கலாம்?

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் ஐந்து வருஷமாக வாடகைக்கு இருக்கிறோம். நிலை, கதவு, ஜன்னல் எல்லாம் தேக்கும் அயினியும். வாடகை 8,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000. நாலு வருஷத்துக்கு முன் ஒரு பட்ட தென்னையை வெட்டியபோது பொந்திலிருந்து விழுந்த கிளிக்குஞ்சை என் மச்சான் கொண்டுவந்து தந்தார். பிள்ளைகள் சோறூட்டி வளர்த்தார்கள். இப்போது கழுத்தில் வளையம்கூட வந்துவிட்டது. கூட்டில் அடைப்பதில்லை. மூன்று நிலைகளையும் இரண்டு கதவு விளிம்பையும் கடித்துத் துருவி வைத்திருக்கிறது. வீட்டைக் காலி செய்கிறோம் என்றதும் வீட்டுக்காரர் வந்து பார்த்து, எல்லாவற்றையும் புதிதாக மாற்ற 52,000 ஆகும், அட்வான்ஸில் பிடித்துக்கொள்கிறேன் என்கிறார். சம்மதித்து எழுதித் தராவிட்டால் கிளி வளர்ப்பதை வனத்துறையில் சொல்வாராம். எங்களுக்குத் தெரிந்த ஆசாரி 9,000 ரூபாயில் ஒட்டுப்போட்டுச் சரிசெய்யலாம் என்கிறார். வீட்டுக்காரர் செய்வது மிரட்டல்தானே, போலீஸில் சொல்லலாமா? காலி செய்யும்வரை நிலைக்குத் தகரம் அடிக்கலாமா?
- பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்: நீங்கள் நிலையைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்குக் கவலை அந்தக் கழுத்து வளையத்தைப் பற்றி.

தென்னம்பொந்தில் பொரித்து, வளர்ந்தபின் கழுத்தில் வளையம் போடும் கிளி என்றால் அது நம்மூர்ப் பச்சைக்கிளி. அதை வீட்டில் வளர்க்க முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் அது காப்புப் பெற்ற பறவை. 2022-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘நான் பிடிக்கவில்லை, விழுந்ததை எடுத்தேன்’ என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அப்படிக் கையில் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்லி ஒப்படைக்க வேண்டும் என்கிறது 39-ஆம் பிரிவு. நீங்கள் நாலு வருஷம் சோறு போட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளின் பாசம் எனக்குப் புரிகிறது, சட்டத்தில் அதற்கு ஒரு பத்தியும் இல்லை.

அதனால் போலீஸ் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். வீட்டுக்காரர் பேசும் முறை எனக்கும் பிடிக்கவில்லை. இருந்தாலும் ஒரு குற்றத்தைத் துறையிடம் சொல்வேன் என்பதை மட்டும் வைத்து மிரட்டல் வழக்கு நிற்பது கஷ்டம். நீங்கள் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றால் முதல் கேள்வியே ‘கிளி எங்கே?’ என்றுதான் வரும்.

அதைவிட முக்கியமானது, அவர் கேட்கிறபடி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். புகார் செய்யாமல் இருப்பதற்கு விலையாகப் பணம் என்று போடும் ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி செல்லாது. பணமும் போகும், நாளைக்கு அவரோ பக்கத்து வீட்டுக்காரரோ புகார் கொடுப்பதை அந்தத் தாள் தடுக்கவும் செய்யாது. போதாததற்கு, கிளி உங்களிடம் இருந்தது என்பதற்கு உங்கள் கையெழுத்திலேயே ஒரு சாட்சி.

கிளியை மச்சான் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன என்று தோன்றும். அப்படிக் கேட்காத கட்சிக்காரரை நான் பார்த்ததில்லை. அனுப்பினால் மச்சானும் சேர்ந்து மாட்டுவார். திறந்து பறக்கவிடுவதும் வேண்டாம். கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, காக்கைக்கூட்டம் ஒரு நாள்கூட விடாது. ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு, எப்போது, எப்படிக் கிடைத்தது என்று எழுதிய மனுவோடு, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் கிளியை நீங்களே ஒப்படையுங்கள். வழக்கே வராது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் தானாக வந்து ஒப்படைத்தவரையும் சோதனையில் பிடிபட்டவரையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. வழக்கு என்று வந்தாலும், தொகை கட்டிச் சமரசமாக முடிக்க வனவுயிர் சட்டத்தின் 54-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. இதைச் செய்துவிட்டால் வீட்டுக்காரர் கையில் இருக்கும் ஒரே ஆயுதமும் போய்விடும். அப்புறம் பேச வேண்டியது மரத்தைப் பற்றி மட்டும்.

சரி, மரத்துக்கு வருவோம். இதில் உங்கள் பக்கம் பலம் இருக்கிறது, முழுப் பலம் இல்லை. வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே வீட்டைத் திருப்பித் தர வேண்டும், நியாயமான தேய்மானம் மட்டும் கழியும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. கிளி கொத்தியதைத் தேய்மானம் என்று எந்த நீதிபதியிடமும் என்னால் வாதாட முடியாது. அது நீங்கள் தர வேண்டிய சேதம்தான்.

எவ்வளவு தர வேண்டும் என்பதுதான் சண்டை. நடந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் இழப்பீடு, பழைய வீட்டுக்குப் புது நிலை சம்பாதித்துக் கொடுக்க அல்ல. விளிம்பில் அரை அங்குலம் போன இடத்தில் அதே மரத்தில் ஒட்டுப்போட்டு, இழைத்து, வார்னிஷ் அடித்தால் தீரும் என்றால், நிலையையே பெயர்த்து மாற்றும் செலவை உங்கள் தலையில் கட்ட முடியாது. இன்னொன்றையும் பாருங்கள். இடவப்பாதியும் ஐப்பசி மழையும் மாறி மாறி நனைக்கிற ஊர் இது. பழைய நிலையின் அடிப்பகுதியில் ஈரமும் கறையானும் தின்றது எவ்வளவு, கிளி தின்றது எவ்வளவு என்று பார்த்த மாத்திரத்தில் ஆசாரி சொல்லிவிடுவார். கறையானின் கணக்கு வீட்டுக்காரருடையது. கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதுகூட, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, வீட்டுக்காரர் பொறுப்பு என்றுதான் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது.

ஆகவே உங்களுக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் போதாது. ‘அவர் உங்க ஆள்’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். வெளியாள் இருவரிடம் அளவோடு, மரத்தின் பெயரோடு எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். ஒவ்வொரு நிலையையும் பக்கத்தில் அளவு டேப் வைத்துப் படம் எடுங்கள். இரண்டு மதிப்பீட்டையும் வைத்து, ‘இந்த வேலையை என் செலவில் செய்து தருகிறேன், அல்லது இந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தாருங்கள்’ என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். முடிந்தால் வேலையைச் செய்துவிட்டே சாவி கொடுங்கள், ஆனால் அவருடைய எழுத்துச் சம்மதம் வாங்கியபின்.

அட்வான்ஸைப் பொறுத்தவரை, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. உங்களுக்கு அது 24,000. நீங்களாக ஒப்புக்கொண்டு 60,000 கொடுத்தீர்கள் என்பார், அதில் ரொம்பத் தொங்க வேண்டாம். வீடு கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள், உரிய கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

இந்தச் சட்டப்படி உள்ள வாடகை அதிகாரியிடம் போகலாமா என்பது உங்கள் ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பதினொரு மாதத்துக்கு என்றாலும் எழுத்தில் போட்டு, அந்த அதிகாரியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்திருந்தால் நேராக அங்கே போங்கள். நம்மூரில் பலரும் செய்வதுபோல முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்தது என்றால், அந்தத் தாளை நம்பிப் போக வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு ஒன்று கொடுங்கள். கட்டணம் கிடையாது. இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். அந்த ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடும் இல்லை. 9,000-க்கும் 52,000-க்கும் நடுவே இருக்கும் சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. அங்கே ஒத்துவராவிட்டால்தான் உரிமையியல் வழக்கு.

வீட்டுக்காரரிடமிருந்து நோட்டீஸ் ஏதாவது வந்தால் பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள். நோட்டீஸுக்குப் பிறகும் வீட்டுக்குச் சேதம் வரும்படி தொடர்ந்து நடந்துகொள்வது காலி செய்யவைக்க ஒரு காரணமாகிவிடும். எப்படியும் போகிறவர்தான் நீங்கள், ஆனாலும் உங்கள்மேல் அப்படியொரு உத்தரவு வேண்டாம்.

கடைசியாகத் தகரம். அடிக்காதீர்கள். தேக்கு நிலையில் ஆணி இறக்கினால் கிளி போட்ட ஓட்டையோடு நீங்கள் போட்ட ஓட்டையும் கணக்கில் சேரும். வன அலுவலகத்துக்குப் போகும்வரை இரண்டு மூன்று நாள்தானே, கிளி இருக்கும் அறையில் மட்டும் நிலையைக் கெட்டியான அட்டையால் சுற்றிக் கயிற்றால் கட்டுங்கள். கடிக்க ஒரு கதம்பையும் (தேங்காய் மட்டை) பச்சைக் கொய்யாக் கம்பும் போட்டு வையுங்கள். அலகு வளர்ந்துகொண்டே இருக்கும் சாதி, எதையாவது கடித்துத்தான் தீரும். போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப் போகலாமா என்றால், என் வீடாக இருந்தால் கூட்டித்தான் போவேன்.