படலையோடு திரும்பியவருக்கு

கேள்வி: வயது 42. செட்டியார் தெருவில் நகைக்கடையில் வேலை. பத்து வருடமாகத் தினமும் அரைப் போத்தல் சாராயம். குடியை விட்டவர்கள் கூடும் ஏ.ஏ. கூட்டம் ஒன்றுக்குப் போன மாதம் போனேன். தேவாலய மண்டபம், உள்ளே சிங்களத்தில் பேச்சு. தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்களோ என்ற பயத்தில் படலையோடு திரும்பிவிட்டேன். சாராயக் கடைகள் பூட்டும் போயா நாளில் குடிக்கக் கிடைக்காவிட்டால் கை நடுங்கி, தேநீர்க் கோப்பையைக்கூடப் பிடிக்க முடிவதில்லை. தமிழில் கூட்டம் உண்டா? மறுபடியும் எப்படிப் போவது?
– பெயர் வேண்டாம், கொழும்பு 13

பதில்: அன்புச் சகோதரரே, நீங்கள் கேட்டது கூட்டத்தைப் பற்றி. எங்கள் மனதை உறுத்துவதோ அந்தத் தேநீர்க் கோப்பை. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

நாள்தோறும் 375 மில்லி சாராயத்துக்குப் பழகிய உடம்பு அது. திடீரென்று நிறுத்தினால் ஆறேழு மணித்தியாலத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைக்குள் சிலருக்கு நினைவு தடுமாறும், இல்லாதது கண்ணில் தெரியும், காய்ச்சல் அடிக்கும். இது உயிரையே எடுக்கக்கூடியது. ஆகவே வைராக்கியத்தில் வீட்டில் தனியே நிறுத்திப் பார்க்காதீர்கள். தேசிய ஆஸ்பத்திரியின் ஓபிடிக்குப் போய், எவ்வளவு குடிக்கிறீர்கள், கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தீர்கள், முன்பு வலிப்பு வந்ததுண்டா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு அரைப் போத்தலைக் கால் போத்தல் ஆக்கினால், அந்தக் குறைந்த கணக்குக்குத்தான் மருந்து எழுதுவார்கள். வலிப்பு அங்கேதான் வரும். நடுக்கத்தை அடக்கும் மருந்தைச் சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள், கூடவே பி1 விற்றமினும் கொடுப்பார்கள். வீட்டில் வலிப்போ மனக்குழப்பமோ வந்தால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுக்க வேண்டும் என்று மனைவிக்குச் சொல்லி வையுங்கள். குடியை நிறுத்தவென்று உங்களுக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து தரும் குளிசை எதற்கும் வீட்டார் இணங்கக் கூடாது. அதன்மேல் சாராயம் போனால் இரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடலாம்.

இனிக் கூட்டம். கேட்பதற்கு மூன்று வாசல்கள் உண்டு. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் தொலைபேசி எண் 1927, தேசிய மனநல நிறுவகத்தின் எண் 1926, கொழும்பு 7, ஹோர்ட்டன் பிளேசில் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு குடி, போதைப் பழக்கம் உள்ளவர்களுக்காக நடத்தும் மெல் மெதுர நிலையம். எடுத்தவுடனே "தமிழில் பேச ஒருவர் வேண்டும்" என்று சொல்லுங்கள். ஏ.ஏ. கூட்டங்களின் விபரம் கேளுங்கள். கிடைத்ததும், அந்தக் குழுவின் ஆளிடமே மூன்று விஷயம் விசாரியுங்கள்: என்ன மொழி, எந்தப் படலையால் உள்ளே வருவது, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா. திறந்த கூட்டத்துக்கு மனைவியையும் கூட்டிப் போகலாம். மூடியதில் குடியை விட விரும்புகிறவர்கள் மட்டும் இருப்பார்கள். போகிற அன்றும் ஒருமுறை அழையுங்கள். பழைய நேர அட்டவணையை நம்பிப் போய், பூட்டிய மண்டபத்தைப் பார்த்துத் திரும்பியவர்கள் பலர் அதற்குப் பிறகு போகவே இல்லை. தமிழ்க் கூட்டம் அமையாவிட்டால் சிங்களக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர் யார் என்று கேட்டு அவர் பக்கத்தில் இருங்கள். தமிழ்நாட்டில் ஏ.ஏ. குழுக்கள் தமிழிலேயே கூடுகின்றன. அவர்களிடம் சூம் கூட்டம் உண்டா என்று விசாரிக்கலாம், நேரமும் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான்.

தெரிந்தவர் கண்டால்? உள்ளே இருந்து காண்பவரும் அதே நோய்க்காக வந்தவர்தான். பதிவேடு, கையெழுத்து, கட்டணம் ஒன்றும் கிடையாது. பத்து நிமிடம் முந்திப் போய்ப் பின்வரிசையில் இருங்கள். பேசச் சொன்னால், "இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். விரும்பியவர்கள் காசு போடப் பையோ தட்டோ சுற்றிவரும். புதியவர் போட வேண்டியதில்லை. தேவாலய மண்டபம் என்பதால் மதம் மாற்றுவார்கள் என்று பயப்படவும் வேண்டாம். மண்டபம் வாடகைக்கு எடுத்ததாக இருக்கும். ஏ.ஏ.யின் 12 படிகளில் கடவுள் என்று வருவது அவரவர் விளங்கிக்கொண்ட கடவுள், முருகனை நினைப்பவர் முருகனையே நினைக்கலாம்.

கூட்டம் முடிந்ததும் ஓடிவந்துவிடாதீர்கள். தேநீரோடு நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இரண்டு மூன்று ஆண்களின் தொலைபேசி எண்கள் கிடைக்கும். நன்றாக இருக்கும் ஒரு நாளில் அவர்களுக்குச் சும்மா அழைத்துப் பழகுங்கள். பழகாத எண்ணைக் குடி ஆசை வந்த நேரத்தில் விரல் அழுத்தாது. ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போங்கள். ஆறு கூட்டம் போகும்வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள். இடையில் ஒருநாள் குடித்துவிட்டாலும் மறுகூட்டத்துக்குப் போகலாம். குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அங்கே தகுதி.

மனைவிக்கும் ஆதரவு வேண்டும். குடிப்பவரின் வீட்டாருக்கென்று 1951இல் தொடங்கிய அல்-அனோன் குழுக்கள் உண்டு. அதே எண்களில் அதையும் விசாரியுங்கள்.

கூட்ட நாளில், கடை பூட்டிய பிறகு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் போகலாம் என்று வைக்காதீர்கள். வீட்டுக்குப் போகும் வழியில்தான் உங்கள் வழக்கமான வைன் ஸ்டோர்ஸ் இருக்கும். பின்னேரம் ஐந்து மணிக்கே வயிறு நிறையச் சாப்பிடுங்கள், பசியில் ஆசை இரட்டிப்பாகும். கையில் ஓட்டோக் காசுக்கு மேல் வைக்காமல், கடையிலிருந்து நேரே மண்டபத்துக்குப் போங்கள்.